லினக்ஸ் போட்டாயிற்று, வைஃபை மட்டும் வரவில்லை

திரை வருகிறது, ஒலி வருகிறது, டச்பேடுகூட ஒழுங்காக வேலை செய்கிறது. மேல் மூலையில் வைஃபை குறியை மட்டும் காணோம். உடனே பலரும் செய்வது ஒன்றுதான்: லேப்டாப்பின் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, யாரோ எப்போதோ எழுதிவைத்த பத்துக் கட்டளைகளை அப்படியே டெர்மினலில் ஒட்டிவிடுவது. அதில் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அப்புறம் ஒட்டியவருக்கே தெரியாது.

லேப்டாப்பின் பெயர் இங்கே பெரிதாக உதவாது. ஒரே மாடலில் ஒரு பெட்டியில் இன்டெல் கார்டும் அடுத்த பெட்டியில் ரியல்டெக் கார்டும் இருப்பது சாதாரணம். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பின் எண்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. வைஃபை இல்லாமல் வைஃபைக்கான டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி, போன் அமைப்பில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இது நடக்காது, டேட்டா கேபிளாகப் பாருங்கள்.

சரி, இனி எண். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எல்எஸ்பிசிஐ -என்என்கே

வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து இருக்கும். முதல் நான்கு தயாரிப்பாளர், அடுத்த நான்கு சிப். 8086 என்றால் இன்டெல், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 14சி3 மீடியாடெக், 168சி குவால்காம் ஏதெரோஸ். 8086 என்று கண்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த நிம்மதி. 14இ4 என்று கண்டால் இன்னொரு காபி சொல்லிவிடுவேன். யுஎஸ்பி டாங்கிள் என்றால் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். அங்கே ரியல்டெக்கின் எண் 0பிடிஏ.

அந்த வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா, இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிச் சிக்கல்கள் அந்த ஒரு வரியில் பிரிந்துவிடும்.

அறிகுறி: பட்டியலில் கார்டே இல்லை

லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. கார்டு இருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. பயாஸில் வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். அண்மையில் நீங்களே புதுக் கார்டு வாங்கிப் பொருத்தியிருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு. இன்டெல்லின் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை முழுமையான கார்டுகள் அல்ல. வைஃபையின் ஒரு பகுதி வேலை இன்டெல் பிராசஸர் பக்கமே நடக்கும், கார்டில் மீதிதான் இருக்கும். ஏஎம்டி லேப்டாப்பிலோ பழைய இன்டெல் போர்டிலோ சொருகினால் ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உயிர் வராது. எங்கும் ஓடுவது ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றல்ல.

அறிகுறி: கார்டு தெரிகிறது, டிரைவர் வரி இல்லை

இதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கார்டு உங்கள் கெர்னலைவிட, அதாவது லினக்ஸின் மையப் பகுதியைவிட, புதியது, அல்லது கார்டு பிராட்காம்.

முதலில் வயதுக் கணக்கு. லினக்ஸில் வைஃபை டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே வருகின்றன. ஆகவே ஒவ்வொரு சிப்புக்கும் அது முதன்முதலில் இடம்பெற்ற கெர்னல் பதிப்பு ஒன்று உண்டு. இன்டெல் ஏஎக்ஸ்200க்கு 5.1, ஏஎக்ஸ்210க்கு 5.10, மீடியாடெக் எம்டி7921க்கு 5.12, ரியல்டெக் 8821சிஇக்கு 5.9, 8852ஏஇக்கு 5.16, 8852பிஇக்கு 6.2. உங்கள் கெர்னல் எது என்று யுநேம் -ஆர் சொல்லும்.

இந்தக் கணக்கு தெரியாமல் எத்தனையோ பேர் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். நல்ல உதாரணம் டெபியன் 12 என்ற லினக்ஸ் வகை. அது 2023 ஜூனில் வந்தது, அதன் கெர்னல் 6.1. விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் இருக்கும் 8852பிஇ, அதாவது 10இசி:பி852, ஒரே ஒரு படி தள்ளி 6.2இல்தான் வந்து சேர்ந்தது. எத்தனை முறை மறுநிறுவல் செய்தாலும் டெபியன் 12 அதை எழுப்பாது. பழைய பதிப்புக்காகப் புதிய தொகுப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலையும் ஃபர்ம்வேர்-ரியல்டெக் தொகுப்பையும் சேர்த்தே போட வேண்டும். அல்லது 6.12 கெர்னலோடு வரும் டெபியன் 13க்குப் போய்விடலாம். உபுண்டுவின் நீண்ட கால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ் வைத்திருப்பவர்கள், புதிய வன்பொருளுக்காக உபுண்டு தரும் ஹெச்டபிள்யூஇ கெர்னலுக்கு மாறினால் போதும்.

புதிய கெர்னலுக்குப் போக வழி இருக்கும்போது, எவரோ ஒருவர் தன் சொந்த நேரத்தில் பராமரிக்கும் வெளி டிரைவரைத் தொகுத்துப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த கெர்னல் மாற்றத்தில் அது உடைந்தால் நீங்கள்தான் ஒட்டவைக்க வேண்டும்.

அடுத்தது பிராட்காம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. பல ஆண்டுகள் அந்த நிறுவனம் தன் வைஃபை சிப்களுக்குத் திறந்த டிரைவரோ விவரக் குறிப்போ தரவில்லை. ஆர்வலர்கள் நிறுவனத்தின் மூடிய டிரைவரைத் தலைகீழாகப் பிரித்து ஆராய்ந்து எழுதியதுதான் பி43 என்ற திறந்த டிரைவர். 2010 செப்டம்பரில்தான் நிறுவனமே ஒரு திறந்த டிரைவரை வெளியிட்டது, அதுவும் சில சிப்களுக்கு மட்டும். அதனால் இன்றும் பிராட்காம் கார்டுக்கு ஒரே பதில் கிடையாது, எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

14இ4:4727, அதாவது பிசிஎம்4313, திறந்த டிரைவரிலேயே ஓடும். 14இ4:4365 என்பது பிசிஎம்43142. பழைய லேப்டாப்களில் நிறைய உண்டு, இதற்குத் திறந்த டிரைவரே கிடையாது. மேக்புக்குகளில் வந்த பிசிஎம்4360க்கும் நடைமுறையில் இதே நிலைதான். இவற்றுக்கு டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர் வேண்டும். டெபியனில் அதன் பெயர் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ். உபுண்டுவில் பிசிஎம்டபிள்யூஎல்-கெர்னல்-சோர்ஸ், அங்கே 'அடிஷனல் டிரைவர்ஸ்' சாளரத்திலேயே கிளிக் செய்து போட்டுவிடலாம். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகு கிடைக்கும்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த டபிள்யூஎல்லின் கடைசி அதிகாரப்பூர்வப் பதிப்பு 2015இல் வந்தது. அதற்குப் பிறகு அது ஓடுவதெல்லாம் லினக்ஸ் வெளியீட்டாளர்கள் ஒட்டும் ஒட்டுகளால்தான். ஆகவே பிசிஎம்43142 உள்ள லேப்டாப்பை நீண்ட நாள் வைத்திருக்கப்போகிறீர்கள் என்றால், கார்டை மாற்றுவதே மலிவு. அந்தக் கதை கடைசியில்.

அறிகுறி: டிரைவர் இருக்கிறது, இடைமுகம் இல்லை

டிரைவர் என்பது கணினி பக்கத்து நிரல். ஃபர்ம்வேர் என்பது கார்டின் உள்ளே ஓடும் நிரல். பெரும்பாலான கார்டுகள் தங்கள் ஃபர்ம்வேரைத் தாங்களே வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர்தான் ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்குக் கோப்பு இல்லையென்றால் குழந்தை எழுந்திருக்காது.

சுடோ டிஎம்இஎஸ்ஜி

இதன் வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஃபெயில்ட் வித் எரர் -2' என்று இருந்தால், -2க்குப் பொருள் கோப்பே இல்லை என்பது. ஆனால் இங்கே பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். இன்டெல் டிரைவர் தனக்குத் தெரிந்த மிகப் புதிய எண்ணிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும், கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் ஒரு -2 எழுதிவைக்கும். கடைசியில் ஏதோ ஒன்று 'லோடட்' என்று வந்திருந்தால் சிக்கல் அங்கே இல்லை. 'யோயோ' என்ற பெயருள்ள கோப்பு இல்லை என்ற புலம்பலையும் விட்டுவிடுங்கள். அது பொறியாளர்கள் பிழை ஆராயப் பயன்படுத்துவது, நம்மிடம் இருக்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே ஒன்றும் ஏறவில்லை என்றால் தொகுப்பைப் போடுங்கள். உபுண்டுவில் எல்லாம் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற ஒரே மூட்டை. டெபியனில் ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ஃபர்ம்வேர்-ரியல்டெக், ஃபர்ம்வேர்-ஏதெரோஸ் என்று தனித்தனி. டெபியன் 12க்கு முன்பு வரை இவை நிறுவல் வட்டில் இருக்காது. மூலநிரல் திறக்கப்படாதது எதையும் வழக்கமான வட்டில் வைப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். அதற்கு முந்தைய காலத்து வழிகாட்டிகள் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன. அவற்றை நம்பி ஃபர்ம்வேர் கோப்பை பென் டிரைவில் தனியாகச் சுமக்க வேண்டிய தேவை இப்போது இல்லை.

அறிகுறி: நேற்று வரை ஓடியது, அப்டேட்டுக்குப் பிறகு போய்விட்டது

கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் என்றால், பூட் ஆகும்போது குரப் மெனுவில் (எந்தக் கெர்னல் என்று கேட்கும் தொடக்கத் திரை) பழைய கெர்னலைத் தேர்ந்து பாருங்கள். அதில் ஓடினால் அடுத்த அப்டேட் வரும்வரை அதிலேயே இருந்துவிடலாம்.

டபிள்யூஎல் போல வெளியிலிருந்து போட்ட டிரைவர் என்றால், புதிய கெர்னலுக்கு அது மறுபடி தொகுக்கப்படவில்லை. இந்த மறுதொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கருவி டிகேஎம்எஸ். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் என்று அடித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் கெர்னலின் ஹெடர்ஸ் தொகுப்பு இல்லாததே காரணம். டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64 போட்டுவிட்டால் இனி ஒவ்வொரு கெர்னலோடும் அதுவும் தானாக வரும்.

தொகுக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஏறவில்லை, 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வருகிறதா? அப்படியென்றால் செக்யூர் பூட் தடுக்கிறது. கையொப்பமில்லாத டிரைவரை அது உள்ளே விடாது. உபுண்டுவில் இந்த டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டிருக்கும், மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்திருக்கும். அந்த நீலத் திரையைக் கண்டு பயந்து 'கன்டின்யூ' அழுத்தியவர்கள் ஏராளம். அழுத்த வேண்டியது 'என்ரோல் மோக்', அதாவது டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதிவு செய்வது. தவறவிட்டிருந்தால் தொகுப்பை நீக்கி மறுபடி நிறுவிப் பாருங்கள். எம்ஓகேயுட்டில் கட்டளையில் இம்போர்ட் கொடுத்தும் அந்தத் திரையை வரவழைக்கலாம். செக்யூர் பூட்டை பயாஸில் அணைத்துவிடுவது சுலப வழி. விண்டோஸும் கூடவே இருந்து, அதில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு ஓடினால் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அறிகுறி: வைஃபை இருக்கிறது, ஆன் ஆக மறுக்கிறது

ஆர்எஃப்கில் லிஸ்ட்

இரண்டு வரிகள் காட்டும். 'சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை என்று அடித்தால் போதும். 'ஹார்டு பிளாக்ட்: யெஸ்' என்றால் மென்பொருளால் திறக்க முடியாது. லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், அல்லது எஃப்என் விசையோடு சேர்ந்த விமானப் படம் போட்ட விசை.

சிரிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நண்பர் ஒருவரின் பழைய லேப்டாப்பில் மூன்று கெர்னல் மாற்றிப் பார்த்திருக்கிறேன். மாலையில் அவர் மகள் வந்து முன்பக்க ஓரத்தில் இருந்த ஸ்விட்சைத் தள்ளினாள். வைஃபை வந்துவிட்டது. அன்றிலிருந்து ஆர்எஃப்கில்லைப் பார்க்காமல் வேறு எதையும் தொடுவதில்லை.

ஸ்விட்சே இல்லாத லேப்டாப்பிலும் ஹார்டு பிளாக் காட்டுவதுண்டு. லெனோவோ ஐடியாபேட் சிலவற்றில் ஐடியாபேட்_லேப்டாப் என்ற கெர்னல் பகுதி, இல்லாத ஸ்விட்ச் அணைந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும். மோட்ப்ரோப் -ஆர் கொடுத்து அந்தப் பகுதியைக் கழற்றிப் பாருங்கள். வைஃபை வந்தால் அதைத் தடைப்பட்டியலில் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: விண்டோஸிலிருந்து மாறி வந்தால் மட்டும் காணவில்லை

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கணினியை முழுதாக அணைப்பதில்லை, அரைத் தூக்கத்தில் விடுகிறது. கார்டும் அந்த அரைத் தூக்கத்திலேயே லினக்ஸிடம் வந்து சேரும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை விண்டோஸின் பவர் அமைப்பில் நிரந்தரமாக அணையுங்கள். இப்போதைக்கு எழுப்ப, முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கள்.

அறிகுறி: யுஎஸ்பி டாங்கிள் சொருகினால் சிடி டிரைவ் வருகிறது

மலிவு டாங்கிள்கள் பல, முதலில் தங்களை ஒரு சிடியாகக் காட்டிக்கொள்ளும். உள்ளே விண்டோஸ் டிரைவர் இருக்கும். எல்எஸ்யுஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் தொகுப்பைப் போட்டுவிட்டு மறுபடி சொருகுங்கள். கோப்பு மேலாளரில் அந்தச் சிடியை எஜெக்ட் செய்தாலும் பல நேரம் தன் நிஜ எண்ணோடு திரும்பி வரும். அந்த எண்ணை வைத்து மேலே சொன்ன வயதுக் கணக்கைப் போடுங்கள். 8811சியு, 8822பியு போன்றவற்றுக்குக் கெர்னல் 6.2இலிருந்து ஆதரவு உள்ளேயே உண்டு.

டாங்கிள் வாங்கும்போது பெட்டியின் மாடல் எண்ணை நம்ப முடியாது என்பதற்குப் பிரபலமான உதாரணம் டிபி-லிங்க் டபிள்யூஎன்722என். முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 இருந்தது. லினக்ஸ்காரர்கள் கொண்டாடிய சிப் அது, அதன் ஃபர்ம்வேரின் மூலநிரல்கூடத் திறந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயர், அதே வடிவம், உள்ளே ரியல்டெக் 8188இயுஎஸ். பழைய பரிந்துரையைப் படித்துவிட்டு வாங்கியவர்கள் ஏமாந்தது இதில்தான். பெட்டியின் பின்புறச் சீட்டில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

அறிகுறி: ரவுட்டர் பக்கத்தில் இருந்தால்தான் வருகிறது

ஐடபிள்யூ டெவ் என்று அடித்தால் இடைமுகத்தின் பெயர் தெரியும். அந்தப் பெயரோடு லிங்க் சேர்த்து அடித்தால் சிக்னல் எவ்வளவு என்று எதிர்மறை எண்ணில் வரும். -50 நல்லது, -85 மோசம். ரவுட்டருக்கு அருகில் உட்கார்ந்தும் -70க்குக் கீழே போனால் ஆன்டெனாவைச் சந்தேகியுங்கள்.

ரியல்டெக் 8723பிஇ, அதாவது 10இசி:பி723, இதற்குப் பேர்போனது. கார்டில் இரண்டு ஆன்டெனா முனைகள், ஆனால் பல லேப்டாப்களில் ஒரே ஒரு கம்பிதான். டிரைவர் எதிர்பார்க்கும் முனையில் அது இல்லாவிட்டால் காலியான முனையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். இடிசி அடைவுக்குள் மோட்ப்ரோப்.டி என்ற அடைவில், .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2

மறுதொடக்கம் செய்து பாருங்கள். மாற்றமில்லை என்றால் 2ஐ 1 ஆக்குங்கள். ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே சரியாகும் இந்த வகைச் சிக்கல் எனக்கு மிகவும் பிடித்தது.

அறிகுறி: போனில் தெரியும் 5 கிகாஹெர்ட்ஸ் லேப்டாப்பில் தெரியவில்லை

முதலில், உங்கள் கார்டு 5 கிகாஹெர்ட்ஸ் பேசுமா? 8723பிஇயும் பிசிஎம்43142உம் பேசாது, 2.4 மட்டும்தான். பேசக்கூடிய கார்டு என்றால் ஐடபிள்யூ ரெக் கெட் அடியுங்கள். 'கன்ட்ரி 00' என்று வந்தால் கார்டு எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல், எல்லா நாட்டுக்கும் பொதுவான மிகக் கறாரான விதியில் ஓடுகிறது. 2.4இல் 12, 13ஆம் சேனல்களிலும் 5இல் பலவற்றிலும் தானாக வாய் திறக்காது. இந்தியாவில் இருந்தால் ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன், வேறெங்கும் இருந்தால் அந்த நாட்டின் ஈரெழுத்துக் குறி. இன்டெல்லின் புதிய கார்டுகள் இதற்குக் காது கொடுக்காது. சுற்றிலும் கேட்கும் ரவுட்டர்களை வைத்து நாட்டைத் தாங்களே முடிவு செய்துகொள்ளும். அவற்றோடு மல்லுக்கட்டுவதைவிட ரவுட்டரில் சேனலை 36 என்று வைத்துவிடுவது எளிது.

அறிகுறி: சேர்கிறது, பத்து நிமிடத்தில் விழுகிறது

மின்சேமிப்புதான் முதல் சந்தேகம். கார்டு அடிக்கடி கண்ணயர்கிறது, எழ மறுக்கிறது. சோதிக்க: ஐடபிள்யூ டெவ், இடைமுகப் பெயர், செட் பவர்_சேவ் ஆஃப். ஒரு மணி நேரம் விழாமல் இருந்தால் குற்றவாளி அதுதான். நிரந்தரமாக்க நெட்வொர்க் மேனேஜரின் கான்ஃப்.டி அடைவில் உள்ள கோப்பில் வைஃபை.பவர்சேவ் மதிப்பை 3இலிருந்து 2 ஆக்குங்கள். 2 என்றால் அணை, 3 என்றால் ஆன். ஏன் அப்படி எண் வைத்தார்கள் என்று கேட்காதீர்கள்.

கணினியே சேர்ந்து உறைந்து போனால் அது பிசிஐ பக்க மின்சேமிப்பு. 8821சிஇ போன்ற கார்டுகளில் ஆர்டிடபிள்யூ88_பிசிஐ என்ற பகுதிக்கு டிஸேபிள்_ஏஎஸ்பிஎம்=1 கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

2.4இல் மட்டும், அதுவும் வெளி ஹார்டு டிஸ்க் சொருகியிருக்கும்போது மட்டும் விழுந்தால் டிரைவரைத் தொடாதீர்கள். யுஎஸ்பி 3 கம்பிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் எழுப்பும் என்று இன்டெல்லே 2012இல் ஆவணம் வெளியிட்டது. டிஸ்க்கை அடுத்த பக்கத் துளைக்கு மாற்றுங்கள், அல்லது 5க்குப் போங்கள்.

லினக்ஸ் அல்ல, பிஎஸ்டி என்றால்

பிஎஸ்டி என்பது லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளக் குடும்பம். மேலே உள்ள கெர்னல் எண்கள் எதுவும் அதற்குப் பொருந்தாது. ஓபன்பிஎஸ்டியில் எஃப்டபிள்யூ_அப்டேட் கட்டளை ஃபர்ம்வேரை இறக்கித் தரும், இன்டெல் கார்டு இருந்தால் கவலையில்லை. ஃப்ரீபிஎஸ்டி 2022இல் 13.1 பதிப்போடு லினக்ஸின் இன்டெல் டிரைவரையே ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைத்து உள்ளே கொண்டுவந்தது. ஆதரவில்லாத கார்டுக்கு அங்கே வைஃபைபாக்ஸ் என்ற வேடிக்கையான வழி உண்டு: ஒரு குட்டி லினக்ஸை மெய்நிகர் கணினியாக ஓட்டி, கார்டை அதன் கையில் கொடுத்துவிடுவது.

எதற்கும் மசியாவிட்டால்: கார்டை மாற்றுவது

லேப்டாப்பின் அடிமூடி திறந்து, ஒரு திருகு, இரண்டு ஆன்டெனா கம்பி. வேலை இவ்வளவுதான். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். ஆன்டெனா முனைகளை நகத்தால் நேராக மேலே தூக்குங்கள், பக்கவாட்டில் இழுத்தால் போய்விடும். எம்.2 ஸ்லாட் என்றால் ஏஎக்ஸ்210 வாங்குங்கள். நீளமான பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்றால் ஏஆர்9485 போன்ற ஏத்9கே வகைக் கார்டு எது கிடைத்தாலும் விடாதீர்கள். அதற்கு ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம், சொருகினால் ஓடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் உடைத்த லேப்டாப் பாகம் விற்கும் கடைகளில் தேடினால் அகப்படும்.

வாங்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள். பழைய திங்க்பேட், ஹெச்பி லேப்டாப்கள் பலவற்றின் பயாஸில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் உண்டு. அதில் இல்லாத கார்டைப் போட்டால் திங்க்பேட் 1802 என்றும் ஹெச்பி 104 என்றும் பிழை காட்டி, பூட் ஆகவே மறுக்கும். உங்கள் மாடல் அந்த வகை என்றால், அதே தயாரிப்பாளரின் உதிரிபாக எண் ஒட்டிய கார்டாகத் தேடி வாங்குங்கள். பட்டியல் மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.